டிரவுட் எதைத் தின்கிறது? சிறு பூச்சிகளுக்கு ஏற்ற செயற்கை ஈயைத் தேர்ந்தெடுத்தல்

அமைதியாக ஓடும் ஆற்றுப் பரப்பில் சில நொடிகளுக்கு ஒருமுறை சின்னஞ்சிறு வட்டங்கள் தோன்றி விரிந்து மறைந்தால், அங்கே டிரவுட் மீன்கள் இரை எடுத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். இறகும் நூலும் கொண்டு முள்ளில் கட்டிய செயற்கை ஈயை வீசி மீன்பிடிக்கப் புதிதாகப் பழகுபவர், இத்தனை மீன்கள் தின்றுகொண்டிருக்கும்போது ஒன்றாவது தம் ஈயைக் கவ்வாமல் போகாது என்றே எண்ணுவார். நடப்பதோ வேறு. அவருடைய ஈ மீனின் தலைக்கு நேர் மேலே மிதந்து வருகிறது. மீன் அசையாமல் அதைப் போகவிடுகிறது. அடுத்த நொடியே, ஒரு சாண் தள்ளி மிதந்து வரும், கண்ணுக்கு எளிதில் தென்படாத ஏதோ ஒன்றை நிதானமாக உறிஞ்சிக்கொள்கிறது. ஈயை மாற்றிக் கட்டினாலும் இதே கதைதான். ஒரே வகை இரையை, பெரும்பாலும் அந்த இரையின் ஒரே பருவத்தை மட்டும் தின்று, மற்ற அனைத்தையும் மீன் புறக்கணிக்கும் இந்த நிலையைத் தேர்ந்துண்ணல் எனலாம். அந்த இரை மில்லிமீட்டர் கணக்கில் அளக்க வேண்டிய சிறு பூச்சியாக இருக்கும்போது எந்த ஈயைக் கட்டுவது, ஏன் அதைக் கட்டுவது என்பதைத் தொடக்க நிலையிலிருந்து இக்கட்டுரை விளக்குகிறது.

மீன் ஏன் இவ்வளவு பிடிவாதம் காட்டுகிறது

ஓடும் நீரில் வாழும் டிரவுட், இரையைத் தேடி அலைவதைவிட ஓரிடத்தில் நின்றுகொண்டு, நீரோட்டம் கொண்டுவருவதைத் தின்பதையே பெரிதும் நாடுகிறது. ஓட்டத்தை எதிர்த்து நிற்பதற்கு ஆற்றல் செலவாகும். மேலெழுந்து ஓர் இரையைக் கவ்விவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பவும் ஆற்றல் செலவாகும். வரவு செலவைவிட மிகுந்திருந்தால்தான் மீன் வளரும். பெரிய பூச்சியென்றால் சற்றுத் தொலைவு சென்று பிடித்தாலும் கட்டுப்படியாகும். சிறு பூச்சியின் கணக்கு அப்படிப்பட்டதல்ல. ஒரே உடலமைப்புக் கொண்ட இரண்டு பூச்சிகளில் ஒன்று 12 மில்லிமீட்டரும் மற்றொன்று 4 மில்லிமீட்டரும் நீளமுள்ளவை என்று கொள்வோம். நீளத்தில் மூன்று மடங்கே வேறுபாடு என்றாலும் எடையில் 27 மடங்கு வேறுபாடு உண்டு. பெரிய பூச்சி ஒன்று தரும் உணவைப் பெற 27 சிறு பூச்சிகளைத் தின்ன வேண்டியிருப்பதால், ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவை மீன் மிகக் குறைவாக வைத்துக்கொண்டாக வேண்டும். எனவே அது பரப்புக்கு மிக அருகில் நின்று, தலையைச் சற்றே உயர்த்தித் தாழ்த்தும் அசைவிலேயே இரை எடுக்கிறது. பக்கவாட்டில் நகர்வதைக்கூடத் தவிர்க்கிறது.

இதனுடன் பார்வை சார்ந்த ஒரு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர் லூக் டின்பெர்கன், காட்டுப் பறவைகள் ஒரு வகைப் புழு அரிதாக இருக்கும்வரை அதைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, அது பெருகியதும் திடீரென அதையே மிகுதியாகப் பிடிப்பதைக் கவனித்தார். அடிக்கடி எதிர்ப்படும் இரையின் தோற்றத்தைப் பறவை மனத்தில் பதித்துக்கொண்டு, அந்தப் பதிவுக்குப் பொருந்துவதை மட்டும் தேடுகிறது என்பது 1960இல் வெளியான அவருடைய ஆய்வின் விளக்கம். பெருங்கூட்டத்தில் சிவப்புக் குடை பிடித்தவரைத் தேடும் கண், மற்ற முகங்களைப் பார்த்தும் பாராமல் கடந்துவிடுவதைப் போன்றது இது. தேர்ந்துண்ணும் டிரவுட்டின் நடத்தையும் இத்தகைய தேடல் உருவத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான முறை அதே வடிவத்தைத் தின்று பயனடைந்த மீனுக்கு, அதற்குப் பொருந்தாதது இரையாகவே தெரிவதில்லை.

டிரவுட்டின் அறிவுக்கூர்மை பற்றித் தூண்டில்காரர்கள் சொல்லும் கதைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அதே மீன் மற்ற வேளைகளில் விதை, குச்சித் துண்டு, இலைத் துணுக்கு என எதையும் வாயில் எடுத்துப் பார்த்துத் துப்பக்கூடியது. அது ஏமாற மறுப்பதற்குச் சூழலும் ஒரு காரணம். பாறைகளுக்கிடையே இரைந்து ஓடும் மலையோடையில் இரை கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும்; அங்கே ஆராய நேரமில்லை. ஊற்று நீரால் ஓடும் ஓடைகளிலும், இங்கிலாந்தின் தென்பகுதியில் சுண்ணப் படுகைகளிலிருந்து பெருகும் டெஸ்ட், இட்சென் போன்ற ஆறுகளிலும், பெரிய அணைகளின் அடிமட்டத்திலிருந்து குளிர்ந்த நீர் வெளியேறும் ஆற்றுப் பகுதிகளிலும் நிலைமை வேறு. நீரின் வெப்பமும் ஓட்டமும் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாததால் நீர்த்தாவரங்கள் செழிக்கின்றன. அவற்றில் சிறு பூச்சிகள் பெருந்தொகையாக வளர்கின்றன. பரப்பு கண்ணாடிபோல் இருப்பதால் வருவதை மீன் நிதானமாகப் பார்க்க முடிகிறது. தேர்ந்துண்ணல் மிகக் கடுமையாகக் காணப்படும் இடங்கள் இவைதாம்.

பூச்சியின் பெயரைவிட அதன் பருவம்

நீரில் வளரும் பூச்சிகள் சிறகு பெற்று நீரைவிட்டு வெளியேறும் நிகழ்வை ஹேட்ச் என்பார்கள். சிறு பூச்சிகளைப் பொறுத்தவரை இரண்டு கூட்டங்களை அறிந்துகொண்டால் தொடங்குவதற்குப் போதும்.

முதலாவது மேஃப்ளை. முட்டையிலிருந்து வரும் நிம்ஃப் எனப்படும் இளம்பருவம் நீரடியில் வாழ்ந்து, முதிர்ந்ததும் மேலே நீந்தி வந்து, பரப்பிலேயே தோலைக் கிழித்துக்கொண்டு சிறகுடன் வெளிவருகிறது. இந்த முதல் சிறகுப் பருவத்துக்கு டன் என்று பெயர். மங்கிய சிறகுகளைப் பாய்மரம்போல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அது நீரில் மிதக்கும். பின்னர் கரைக்குப் பறந்து சென்று மீண்டும் ஒருமுறை தோலுரித்து, கண்ணாடி போன்ற சிறகுகளுடைய ஸ்பின்னர் ஆகிறது. சிறகு முளைத்த பிறகும் தோலுரிக்கும் பூச்சியினம் இன்று இது ஒன்றே. முதிர்ந்த மேஃப்ளை எதையும் உண்பதில்லை; இனத்தைப் பொறுத்துச் சில மணி நேரமோ ஓரிரு நாளோ உயிர்வாழ்ந்து, கூடி, முட்டையிட்டு, சிறகுகளை இருபுறமும் விரித்தபடி நீரில் விழுந்து இறக்கிறது.

இவற்றுள் பீட்டிஸ் எனப்படும் ஆலிவ் நிற மேஃப்ளைகள் பெரும்பாலும் 4 முதல் 8 மில்லிமீட்டர் உடல் நீளமுள்ளவை. மேகமூட்டமும் தூறலும் உள்ள குளிர்ந்த பொழுதுகளில் இவற்றின் டன்கள் உடனே பறந்துவிடாமல் நீர்மேல் நெடுநேரம் மிதப்பதால், அத்தகைய மந்தமான நாள்களே தூண்டில்காரர்களுக்கு உகந்தவை. வட அமெரிக்காவில் டிரைக்கோ எனச் சுருக்கி அழைக்கப்படும் மேஃப்ளை இன்னும் சிறியது. உடல் 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். கோடைக் காலைகளில் இவை ஆற்றுக்கு மேலே புகைபோல் திரண்டு கூடி, பின்னர் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் நீரில் விழும். பிரிட்டனில் கேனிஸ் என்னும் சிறு மேஃப்ளைக்குத் தூண்டில்காரனின் சாபம் என்றே பட்டப்பெயர் உண்டு. அதன் ஹேட்ச்சின் நடுவே நின்றவர்களுக்கு அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படாது.

இரண்டாவது கூட்டம், கொசுவைப் போலத் தோன்றினாலும் கடிக்காத கைரோனோமிட் மிட்ஜ்கள். புழுப்போன்ற லார்வா, கூட்டுப்புழு, சிறகுள்ள பூச்சி என இவற்றுக்கு மூன்று பருவங்கள். கூட்டுப்புழு மெல்ல மேலே ஏறி, பரப்பின் அடியில் தொங்கியவாறு நின்று, முதுகு பிளந்து சிறகுடன் வெளிவரும். குளிர்காலத்திலும் மிட்ஜ்கள் வெளிவருவதால், மற்ற பூச்சிகள் இல்லாத மாதங்களில் டிரவுட்டுக்கு இவையே முதன்மை இரையாக இருக்கும். கேடிஸ் பூச்சிகளும் முக்கியமானவைதாம். ஆனால் அவை பெரும்பாலும் சற்றுப் பெரியவை என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். ஸ்டோன்ஃப்ளை இனங்களில் பலவும் கரைக்கு ஊர்ந்து சென்று சிறகு பெறுபவை; வெளிவரும்போது அவை பரப்பில் மிதப்பது குறைவு.

இந்தப் பருவங்களை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே இனத்தின் நிம்ஃப்பும், தோலிலிருந்து பாதி வெளிவந்த பூச்சியும், டன்னும், ஸ்பின்னரும் மீனின் கண்ணுக்கு நான்கு வெவ்வேறு உருவங்கள். பூச்சியின் இனத்தைத் துல்லியமாக அடையாளம் கண்டு, தவறான பருவத்துக்குரிய ஈயைக் கட்டியவர் வெறுங்கையோடு திரும்புவார். இனப் பெயரே தெரியாமல், சரியான அளவில் சரியான பருவத்தைக் கட்டியவருக்கு மீன் கிடைக்கும். தொடக்கநிலையில் உள்ளவர் பூச்சிகளின் அறிவியல் பெயர்களை மனனம் செய்வதைத் தள்ளிப்போடலாம் என்பதே என் கருத்து.

நீர்ப்படலம் என்னும் தடை

நீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய மெல்லிய தோல்போல நடந்துகொள்கிறது. பெரிய பூச்சிக்கு இது பொருட்டில்லை. சிறு பூச்சிக்கோ அதை உடைத்து வெளியே வருவது பெரும்பாடு. பூச்சியின் நீளம் பாதியாகக் குறைந்தால், படலம் அதைப் பற்றி இழுக்கும் விசை ஏறத்தாழ பாதியாகிறது. உடலின் எடையோ எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. தசையின் வலிமையும் விசையைவிட வேகமாகக் குறைகிறது. ஆகவே உடல் சிறுக்கச் சிறுக்கப் படலத்தின் பிடி ஒப்பளவில் இறுகுகிறது. மிட்ஜ் கூட்டுப்புழுக்களும் சிறு மேஃப்ளை நிம்ஃப்களும் படலத்தின் அடியில் நெடுநேரம் தேங்கிக் கிடக்கின்றன. பல பாதி வெளிவந்த நிலையில் சிக்கிக்கொள்கின்றன. சில சிறகு மடங்கி அங்கேயே இறந்துவிடுகின்றன.

தப்பி ஓட முடியாத இரையைவிட மீனுக்கு வேறென்ன வேண்டும்? டன் எந்த நொடியும் பறந்துவிடலாம். படலத்தில் சிக்கிய பூச்சியால் அது முடியாது. வானில் பறக்கும் பூச்சிகளைப் பார்த்து, அவற்றைப் போன்ற நிமிர்ந்த சிறகுள்ள ஈயை நாம் கட்டிக்கொண்டிருக்கையில், மீன் பரப்புக்கு ஒரு விரற்கடை கீழே உள்ளவற்றைத் தின்றுகொண்டிருப்பது அடிக்கடி நடப்பது. இப்படி வெளிவந்துகொண்டிருக்கும் நிலையைப் போலக் கட்டப்படும் ஈக்களை எமர்ஜர் என்று அழைக்கிறார்கள்.

இந்த உண்மை எளிதில் ஏற்கப்பட்டதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் சுண்ண ஆறுகளில் ஃபிரடெரிக் ஹால்ஃபோர்டின் கொள்கை ஓங்கியிருந்தது. மேலெழும் மீனுக்கு மிதக்கும் ஈயை மட்டுமே வீச வேண்டும் என்றும், அது குறிப்பிட்ட பூச்சியைத் துல்லியமாக ஒத்திருக்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். ஜி. இ. எம். ஸ்கூஸ் என்ற வழக்கறிஞர், பிடிபட்ட மீன்களின் வயிற்றில் சிறகுள்ள பூச்சிகளைவிட நிம்ஃப்களே மிகுந்திருப்பதைக் கண்டு, பரப்பின் அடியில் வீசுவதும் முறையே என்று வாதிட்டார். நிம்ஃப்பை அனுமதிக்கலாமா என்பது குறித்து 1938இல் லண்டனில் தூண்டில்காரர்களின் சங்கம் ஒன்றில் முறையான விவாதமே நடந்தது. இவ்வளவு சின்னஞ்சிறு புழுவுக்காகப் பெரியவர்கள் கூடி விவாதித்தது இன்று வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் மீன் எதைப் பார்க்கிறது என்ற கேள்வியை அது மையத்துக்குக் கொண்டுவந்தது.

மீன் பார்ப்பதைப் புரிந்துகொள்ள ஒளியியல் சற்று உதவும். நீருக்குள் இருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகைக் கூம்புக்குள் ஒரு வட்டச் சாளரமாகத் தெரிகிறது. அந்த வட்டத்துக்கு வெளியே பரப்பு ஆற்றடியைப் பிரதிபலிக்கும் கண்ணாடியாகவே இருக்கும். சாளரத்தின் விட்டம் மீன் நிற்கும் ஆழத்தைப்போல் சுமார் இரண்டேகால் மடங்கு. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அது ஏறக்குறைய 68 சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு 23 சென்டிமீட்டர்தான். சிறு பூச்சிகளைத் தின்னும் மீன் பரப்பை ஒட்டி நிற்பதால் அதன் சாளரம் மிகக் குறுகியது. இரண்டு சாண் தள்ளி விழும் ஈ அதன் கணக்கிலேயே வராமல் போவதற்கு இது முக்கியக் காரணம்.

நிமிர்ந்து மிதக்கும் டன் சாளரத்துக்கு வெளியே இருக்கும்போது, அதன் கால்கள் படலத்தில் உண்டாக்கும் குழிகள் மட்டும் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். உடலும் சிறகும் சாளரத்தின் விளிம்பை நெருங்கிய பிறகே புலப்படும். படலத்தில் பதிந்து கிடக்கும் எமர்ஜரும் செத்து விழுந்த ஸ்பின்னரும் அப்படியல்ல. அவற்றின் உடல் படலத்தைத் துளைத்து நீருக்குள் இறங்கியிருப்பதால், சாளரத்துக்கு வெளியிலிருந்தே மீனுக்கு முழு வடிவமும் தெரியத் தொடங்குகிறது. ஆகவே ஓர் ஈ மிதப்பதா, படலத்தில் பாதி அமிழ்ந்து கிடப்பதா, அதற்கு அடியில் தொங்குவதா என்பது வெறும் கட்டுமான நுணுக்கம் அன்று. மீன் முதலில் சரிபார்க்கும் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

அளவு, கிடப்பு, நிறம்

செயற்கை ஈயில் எதை முதலில் பொருத்த வேண்டும் என்று கேட்டால், அளவு என்பதே என் விடை. முள்ளின் எண் பெருகப் பெருக முள் சிறியதாகும். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும், 16ஆம் எண் முள்ளில் கட்டிய ஈயின் உடல் சுமார் 7 மில்லிமீட்டரும், 20ஆம் எண் முள்ளில் சுமார் 5 மில்லிமீட்டரும் இருக்கும். டிரைக்கோவுக்கும் மிட்ஜுக்கும் 20 முதல் 26 வரையிலான முட்கள் தேவைப்படும். 12 மில்லிமீட்டர் பூச்சிக்குக் கட்டும் ஈயில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் அது எட்டு விழுக்காட்டுப் பிழை. 4 மில்லிமீட்டர் பூச்சியில் அதே ஒரு மில்லிமீட்டர் கால் பங்குப் பிழை. தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் பூச்சியின் அளவை மிகைப்படுத்தியே மதிப்பிடுகிறார்கள், ஏனெனில் நாம் சிறகையும் சேர்த்துப் பார்க்கிறோம். பூச்சியைப் பிடித்து ஈயின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு ஈடான வழி இல்லை. ஐயம் இருந்தால் ஓர் எண் சிறியதைக் கட்டுவது நல்லது.

உடலின் பருமனும் அளவோடு சேர்ந்ததே. கடையில் வாங்கும் சிறு ஈக்கள் பலவும் நீளத்தில் சரியாகவும் பருமனில் இரு மடங்காகவும் இருக்கின்றன. உண்மையான பீட்டிஸ் நிம்ஃப்பின் உடல் ஊசிபோல் மெலிந்தது. இங்கிலாந்தில் ஏவன் ஆற்றின் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் கட்டிய நிம்ஃப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஃபெசன்ட் பறவையின் வால் இறகு இழைகளையும் மெல்லிய செம்புக் கம்பியையும் மட்டுமே அவர் பயன்படுத்தினார். நூலும் இல்லை, கால்களும் இல்லை. நீந்தும்போது நிம்ஃப் கால்களை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வதைக் கவனித்த பிறகு, கால்களைக் கட்டுவது வீண் என்று அவர் முடிவு செய்தார். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்று அறிந்ததால்தான் அந்த ஈ இன்றும் உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது.

அளவுக்கு அடுத்தது, மேலே விளக்கிய கிடப்பு. செத்த ஸ்பின்னருக்கு இருபுறமும் சமமாக விரிந்த வெளிர் நிறச் சிறகு தேவை. ஒளி ஊடுருவும் செயற்கை இழை அதற்குப் பொருத்தமானது. எமர்ஜருக்கு வயிற்றுப் பகுதி நீருக்குள் தொங்கவும் மார்புப் பகுதி படலத்தில் நிற்கவும் வேண்டும். வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றி வளரும் மென்மையான இறகை மார்பில் மட்டும் கட்டினால் இந்தக் கிடப்பு தானாக அமைகிறது. மிதப்பதற்கான எண்ணெயைப் பழக்கதோஷத்தில் ஈ முழுவதும் தடவிவிட்டால் வயிறும் மேலே வந்து, எமர்ஜர் என்ற நோக்கமே கெட்டுவிடும்.

நிறத்தைக் கடைசியில் வைக்கிறேன். இதில் கருத்து வேறுபாடு உண்டு; நிறம் ஒத்துவராமல் மீன் மறுத்ததாக உறுதியாக நம்புபவர்கள் இருக்கிறார்கள். ஒளிரும் வானத்தின் பின்னணியில் மிதக்கும் நான்கு மில்லிமீட்டர் உடல் பெரும்பாலும் கருநிழலாகவே தெரியும் என்பதால், வெளிர், நடுத்தரம், கருமை என்ற அளவில் பொருந்தினால் போதும் என்பது என் நிலைப்பாடு. பரப்பின் அடியில் மிதக்கும் நிம்ஃப்பிலும் கூட்டுப்புழுவிலும் நிறத்துக்குச் சற்றே கூடுதல் மதிப்பு உண்டு.

எது வருகிறது என்பதைக் கண்டறிதல்

ஈப்பெட்டியைத் திறப்பதற்கு முன் மீனை ஐந்து நிமிடம் பார்ப்பது, ஈயை ஐந்து முறை மாற்றுவதைவிடப் பயனுள்ளது. மீன் இரை எடுத்த இடத்தில் காற்றுக்குமிழி எஞ்சினால், அதன் வாய் பரப்பைத் தாண்டியிருக்கிறது. பரப்பில் மிதப்பதை அது தின்றிருக்கிறது. குமிழியில்லாமல் நீர் வீங்கி அடங்கினால், அல்லது மூக்கு தெரியாமல் முதுகுத் துடுப்பும் வாலும் மட்டும் தெரிந்தால், இரை பரப்புக்கு அடியில் இருந்திருக்கும். மிக மெல்லிய, ஓசையற்ற வட்டம் ஓட முடியாத இரையைக் காட்டுகிறது: செத்த ஸ்பின்னரோ படலத்தில் சிக்கிய மிட்ஜோ. வேகமாகத் தப்பும் பூச்சிக்குத்தான் மீன் நீரைச் சிதறடிக்கும்.

மீன்தொட்டிக்குப் பயன்படும் சிறு வலையை, மீன்கள் நிற்கும் ஓட்டத்தின் கீழ்ப்புறத்தில், பாதி நீருக்குள்ளும் பாதி வெளியேயும் இருக்குமாறு ஒரு நிமிடம் பிடித்தால், வந்துகொண்டிருப்பவை அதில் சேரும். வெள்ளை மூடி ஒன்றில் சிறிது நீர் விட்டு அவற்றை மிதக்கவிட்டுப் பார்க்கலாம். ஸ்கூஸ் காலத்தைப்போல மீனின் வயிற்றை ஆராய்வது இன்று தேவையற்றது. உயிருடன் விடப்படும் மீனின் வயிற்றிலிருந்து உறிஞ்சு குழாயால் இரையை எடுப்பதும் அதற்குத் தீங்கு செய்யக்கூடியது.

வலையில் இரண்டு வகைப் பூச்சிகள் அகப்படும்போது எச்சரிக்கை தேவை. பெரிய பூச்சி நம் கண்ணைக் கவரும்; மீனோ அதனிடையே எண்ணிக்கையில் மிகுந்த சிறு பூச்சியைத் தின்றுகொண்டிருக்கும். பெரிய டன் ஒன்றை ஒரு மீனின் மேலே மிதந்து செல்லும்போது தொடர்ந்து கவனித்தால் ஐயம் தீரும்: அது தின்னப்படாமல் கடந்து சென்றால், விடை வேறெங்கோ இருக்கிறது. ஒரே இனத்தின் இரு பருவங்களும் இதுபோல் கலந்து வரலாம். பீட்டிஸ் இனங்கள் சிலவற்றில் பெண் பூச்சி நீருக்கடியில் ஊர்ந்து சென்று முட்டையிடும். பின்னர் அது மூழ்கிய நிலையில் அடித்துச் செல்லப்படும். மேலே ஸ்பின்னர் எதுவும் தென்படாத மாலையிலும் மீன்கள் மூழ்கிய ஸ்பின்னரைத் தின்றுகொண்டிருக்க வாய்ப்புண்டு.

மிட்ஜ்கள் மிகச் சிறியவையாக இருந்து, அந்த அளவில் கட்டவே முடியாமல் போகும்போது ஒரு வழி இருக்கிறது. கூடும் பருவத்தில் மிட்ஜ்கள் கொத்தாகத் திரண்டு மிதப்பதுண்டு. அந்தக் கொத்தைப் போலக் கட்டினால் சற்றுப் பெரிய முள்ளைப் பயன்படுத்தலாம். மயிற்பீலி இழையால் உடலும், அதன் மேல் கறுப்பு வெள்ளைக் கோடுள்ள சேவலின் கழுத்திறகும் சுற்றிய கிரிஃபித்ஸ் நாட் என்னும் ஈ இதற்கெனவே பெயர் பெற்றது. 1959இல் மிச்சிகனில் டிரவுட் அன்லிமிடெட் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் கிரிஃபித்தின் பெயரை அது தாங்கியிருக்கிறது.

பொருந்திய ஈயும் மறுக்கப்படும்போது

அளவும் கிடப்பும் சரியாக இருந்தும் மீன் மறுத்தால், ஈயைக் குறைசொல்வதற்கு முன் தூண்டில் நரம்பைப் பார்க்க வேண்டும். ஆற்றின் பரப்பில் அடுத்தடுத்த ஓட்டங்கள் வெவ்வேறு வேகத்தில் செல்கின்றன. அவற்றின் குறுக்கே கிடக்கும் நரம்பு ஈயை இழுக்கும்போது, ஈ உண்மைப் பூச்சிகளைவிடச் சற்று வேகமாகவோ மெதுவாகவோ நகரும். பத்து மீட்டர் தள்ளி நிற்கும் நமக்குத் தெரியாத அந்த இழுவை, ஒரு சாண் தொலைவில் பார்க்கும் மீனுக்குத் தெளிவாகத் தெரியும். எடையற்ற சிறு ஈக்கள் இந்த இழுவைக்கு எளிதில் ஆட்படுகின்றன.

நுனி நரம்பின் பருமன் இங்கே முக்கியம். நுனி நரம்பின் பருமனைக் குறிக்கும் எக்ஸ் எண்ணை 11இலிருந்து கழித்தால் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு பருமன் என்பது கிடைக்கும்: 5 எக்ஸ் 0.15 மில்லிமீட்டர், 7 எக்ஸ் 0.10 மில்லிமீட்டர். முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் பொருத்தமான எக்ஸ் எண் வரும் என்ற பழைய கணக்கு 18, 20 போன்ற முட்களுக்குப் போதுமானது. மெல்லிய நரம்பின் பயன் அது மீனின் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது என்று பலர் கருதுகிறார்கள்; அது வளைந்து நெளிந்து ஓட்டத்தோடு இசைவதால் இழுவை குறைவதே பெரிய பயன் என்று எனக்குத் தோன்றுகிறது. எனவே நீளத்தையும் கூட்டி, நரம்பு நெளிவுகளோடு விழுமாறு வீச வேண்டும். ஓட்டத்தின் மேற்புறத்திலிருந்து மீனை நோக்கி ஈயை மிதக்கவிட்டால், நரம்புக்கு முன்பாக ஈ சாளரத்துக்குள் நுழையும். இருபதாம் எண் ஈயைத் தொலைவிலிருந்து காண முடியாதவர்கள், கண்ணுக்குத் தெரியும் பெரிய ஈ ஒன்றை முதலில் கட்டி, அதன் முள்ளிலிருந்து அரை மீட்டர் நரம்பில் சிறு ஈயைத் தொடரவிடலாம். மீன் கவ்வியதும் கோலை வெடுக்கென இழுக்காமல் மெல்ல உயர்த்தினால் போதும். சிறு முள் எளிதில் தைக்கும், மெல்லிய நரம்பு எளிதில் அறும்.

வீசும் நேரத்தையும் மீனே முடிவு செய்கிறது. நெருக்கமாகப் பூச்சி விழும் வேளையில் மீன் ஒவ்வொன்றையும் எடுப்பதில்லை. எடுத்து, தாழ்ந்து, சற்று இடைவெளி விட்டு மீண்டும் எழும் ஒரு தாளம் அதற்கு உண்டு. ஈ அந்தத் தாளத்தோடு ஒத்து, சில விரற்கடை அகலமே உள்ள பாதையில் வர வேண்டும். நூறு உண்மைப் பூச்சிகளுக்கிடையே ஒன்றாக வரும் ஈ, குறையேதும் இல்லாமலே பத்து முறை தவறிப்போகலாம். ஆகவே இழுவையின்றி நேர் பாதையில் பல முறை சென்று மறுக்கப்பட்ட பிறகே ஈயை மாற்றுவது பொருத்தம். மாற்றும்போது முதலில் அளவைக் குறைத்தும், பிறகு கிடப்பைத் தாழ்த்தியும், கடைசியாக நிறத்தை மாற்றியும் பார்க்கலாம். மீன் ஈயை நோக்கி எழுந்து, மூக்கருகே வந்து திரும்பினால், அது அளவிலோ இழுவையிலோ சிறு குறை என்பதைக் காட்டும்; அசையாமலே இருந்தால் பருவமே தவறாக இருக்கக்கூடும்.

ஹேட்ச் தளரத் தொடங்கும் கடைசி அரை மணி நேரம் தொடக்கக்காரருக்குக் கனிவானது. பூச்சிகள் குறையக் குறைய மீன் சற்று அகலமாக நகர்கிறது, உருவப் பொருத்தத்திலும் தளர்வு காட்டுகிறது. உண்மைப் பூச்சிகளின் போட்டியும் இல்லை. அப்போதும் மறுக்கும் மீனுக்கு, அந்த ஹேட்ச்சோடு தொடர்பே இல்லாத சிறிய கறுப்பு எறும்பு ஈ ஒன்றை வீசிப் பார்க்கலாம். கரையோரச் செடிகளிலிருந்து எறும்புகள் அவ்வப்போது நீரில் விழுந்துகொண்டே இருப்பதால், வேறொன்றையே தின்றுகொண்டிருக்கும் டிரவுட்கூட அதை விதிவிலக்காக ஏற்பது உண்டு.